டாங்கிக்கு அடியில் விழுந்த துண்டு

என் கை சிறியது. வளையல்காரர்கள் என் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, சின்னப் பெண்களுக்கு வைத்திருக்கும் சரத்திலிருந்துதான் எனக்கு எடுப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். அந்தக் கையால் நான் செய்த ஒரு வேலையைப் பற்றியும், அதற்குப் பிறகு நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. காகிதத்தில் கொஞ்சம் வரும், எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை அல்லவா.

முப்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் தியாகராய நகரில் குடியிருந்தோம். மாம்பலம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம். எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகள், மிச்சமெல்லாம் காலி மனை. மழை பெய்தால் ஏரிக்குத் தன் பழைய நினைவு வந்துவிடும். வாசல் வரைக்கும் தவளை கத்தும்.

என் கணவர் ஓவர்சியர். அடையாற்றுக்கு அந்தப் பக்கம் பங்களா வேலைகளை மேற்பார்வை பார்த்தார். மாம்பலத்திலிருந்து தினமும் சைக்கிளில் போய்வர முடியாமல், சீமைக்குத் திரும்பிப் போகும் ஒரு துரையிடமிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். என் மாமியார் முதலில் அதை எமவாகனம் என்றார். ஆயுத பூஜை வந்ததும் அதன் விளக்குக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, "பையனை பத்திரமா கொண்டாந்து சேரு" என்று அதனிடமே சொன்னார்.

அந்த வண்டிக்கு ஒரு பாய்தான் வைத்தியர். மீர்சாகிப்பேட்டைப் பக்கம், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, "உன்னுது வால்வு இருமுது சார்" என்று சொல்லிவிடுவாராம். என் கணவரோடு வேலை செய்த ஓவர்சியர்கள் ஐந்து பேரும் அவரிடம்தான் வண்டியைக் கொடுத்தார்கள். அவருடைய பிழைப்பில் முக்கால் பங்கு அந்த ஐந்து வண்டிகள். அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பாய் என்பதே போதுமாக இருந்தது. இப்போது எழுதும்போது அதுவும் உறுத்துகிறது.

வண்டியில் பெட்ரோல் ஊற்றும் டாங்கியின் மேல் ஒரு கறுப்புத் தகடு பதித்திருக்கும். அதிலே விளக்கு ஸ்விட்ச் இருக்கும். ஒரு சின்னப் பிடியைத் திருப்பினால் சின்ன விளக்கு, இன்னும் திருப்பினால் பெரிய விளக்கு. அந்த ஸ்விட்ச் தேய்ந்துபோய், குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் விளக்கு செத்துச் செத்துப் பிழைத்தது. ஒரு நாள் சாயங்காலம் விளக்கில்லாமல் வந்ததற்கு ஒரு போலீஸ்காரர் பிடித்து நிறுத்தி, "இன்னொரு தபா பார்த்தேன், ஸ்டேஷன்தான்" என்று எச்சரித்து அனுப்பினார். மறுநாளே என் கணவர் மவுண்ட் ரோடில் புது ஸ்விட்ச் ஒன்று வாங்கிவந்தார். அதற்கடுத்த நாள் காலையில் பாய் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

எனக்கு அப்போது ஏழு மாதம். பத்து நாள் முன்புதான் வளைகாப்பு நடந்திருந்தது. எனக்குத் தாய் இல்லை, அதனால் வளைகாப்பும் பிரசவமும் மாமியார் வீட்டில்தான் என்று முடிவு. மாமியார் அதை ஒரு குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. அவரே வளையல்காரரை வரவழைத்தார், முதல் வளையலை அவரே போட்டார், போடும்போது அழுதார். வலது கையில் பதினொன்று, இடது கையில் பத்து, எல்லாம் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். பிள்ளை பிறக்கிற வரைக்கும் ஒன்றைக்கூடக் கழற்றக் கூடாது. உடைந்தால் நல்லதில்லை. எங்கள் வீட்டில் "உடைஞ்சது" என்ற சொல்லையே வளையலோடு சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

அன்று மாமியார் ஜட்காவில் மயிலாப்பூர்க் கோயிலுக்குப் போயிருந்தார். கொல்லைப்புறம் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திப் பாய் வேலையைத் தொடங்கினார். நான் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார் இது, சீமைக்காரனுக்குக் கையே கெடையாதா? ஸ்விட்ச்ச மேல வச்சிட்டு மரைய கீழ வச்சிக்கிறான். என் வெரலு பூந்தா மரை பூறாது, மரை பூந்தா வெரலு பூறாது."

"இப்ப என்ன பண்ணணும்?"

"டாங்கியத் தூக்கணும். பெட்ரோல எறக்கி, நாலு போல்ட்ட கழட்டி... மத்தியானம் ஆயிடும்."

"மத்தியானமா? பதினோரு மணிக்கு இன்ஜினியர் வரார் பாய். நான் அங்க இல்லேன்னா சுண்ணாம்போட சேத்து என்னையும் கொழைச்சிடுவார்."

"அப்ப பழச மாட்டிக்கினு போ. நாளைக்குப் பாக்கலாம்."

"திரும்பறப்ப இருட்டிடும். போலீஸ்காரன் என்னைத்தான் பார்த்துக்கினு நிக்கறான்."

பாய் சிரித்தார். "அப்ப சின்னக் கை ஒண்ணு வேணும் சார். நம்மளுதுல்லாம் கையா? ஒலக்கை."

பிறகு என் கணவர் ஜன்னலைப் பார்த்து, "இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார்.

நான் போய்த் தூணோரமாக நின்றேன். பாய் சட்டென்று எழுந்து ஓரமாய்த் தள்ளி நின்றார். என் வயிற்றையும் பிறகு கையையும் பார்த்துவிட்டு, என் கணவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"வேணாம் சார். கண்ணாடி வளையல் போட்டுக்கினு கீறாங்க. ஒண்ணு ஒடைஞ்சு உள்ள உழுந்துச்சுன்னா அத எடுக்க டாங்கியத்தான் தூக்கணும். அதுக்கு இப்பவே தூக்கிடலாம்."

"கழட்டிட்டு..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"கழட்டக் கூடாது சார். எங்க வூட்லயும் இதெல்லாம் பாப்பாங்க. உடு, நான் டாங்கியத் தூக்கறேன்."

அங்கே அது முடிந்திருக்க வேண்டும். நான்தான் பேசினேன். வேற்று ஆண் ஒருவர் முன்னால் நானாக வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் மேல தள்ளிக் கட்டிக்கிறேன். ஒண்ணும் ஆகாது."

ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த வண்டியை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைத் துடைக்கக்கூட என்னை யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டில் எல்லா வேலையும் எனக்கு முன்பே மாமியார் செய்து முடித்துவிடுவார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், என்னால் மட்டுமே முடியும் என்று ஒரு வேலை என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் முறை. அதை விட மனமில்லை.

பழைய வேட்டியில் ஒரு கிழிசலை எடுத்து, வலது கை வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளி, இறுக்கிச் சுற்றி முடிந்துகொண்டேன். பலகை ஒன்றைப் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாய் வண்டிக்கு அந்தப் பக்கம் குந்தி, முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் தகட்டின் மேல் வைத்துக்கொண்டார்.

"டாங்கிக்கும் கம்பிக்கும் நடுவுல சந்து கீது பாரு தங்கச்சி, அதுல கைய உடு. மேல போ. இன்னும். ஒரு வளையம் தட்டுப்படுதா? அதான் மரை."

"ம்."

"அத இறுக்கிப் புடிச்சுக்கோ. நான் மேலேந்து திருப்பறேன். வழுக்கினா சொல்லு."

உள்ளே எண்ணெயும் தூசியும் பெட்ரோல் வாசனையும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பழைய மரை கழன்று என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பாய் தன் பக்கத்து வேலையெல்லாம் முடித்து, புது ஸ்விட்சைத் தகட்டில் இறக்கினார். புது மரையை நான் கீழேயிருந்து ஏற்றினேன். ஒரு தடவை அது நழுவியது. இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துவிட்டேன்.

"புடிச்சிட்டேன்."

"சபாஷ்! சார், என் கொட்டாய்க்கு இந்தக் கைய அனுப்பு சார், நான் ரெண்டு ஆளு வேலைய உட்டுடறேன்."

என் கணவர் சிரித்தார். வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. நான் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால்தான் மற்றதும் புரியும்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஒயர் எல்லாம் வெரலால அந்தாண்ட ஒதுக்கு. டாங்கி விளிம்புல படக்கூடாது. தேஞ்சுடும்."

ஒதுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜட்காவின் மணிச் சத்தம் கேட்டது. மாமியார் திரும்பிவிட்டார். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, ஒரு பாயின் எதிரில், மோட்டார் வண்டிக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சட்டென்று கையை இழுத்தேன். துணிக்கட்டு எப்போதோ நெகிழ்ந்து, ஒரு வளையல் மணிக்கட்டுக்கு இறங்கியிருந்திருக்கிறது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

நான் எழுந்துவிட்டேன். பாய் அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள ஏதாச்சும் உழுந்துச்சா தங்கச்சி?"

"இல்லை" என்றேன்.

என் கணவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் இன்னொரு தடவை கேட்கவில்லை. நான் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன்.

துணியை அவிழ்த்தேன். பத்து வளையல் முழுசாக இருந்தன. துணி மடிப்பில் பச்சை வளையலின் இரண்டு துண்டுகள். தரையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். வட்டம் முழுமையாகவில்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டைக் காணவில்லை.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அப்போதுகூட ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். நான் துண்டுகளை ஜலதாரையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வருகிற சுமங்கலிகளுக்குக் கொடுக்க மாமியார் ஒரு சரம் வளையல் பெட்டியில் வைத்திருந்தார். அவர் கால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அதிலிருந்து ஒரு பச்சை வளையலை உருவிப் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் பெரிசு, மற்றவற்றோடு சேர்ந்ததும் தெரியவில்லை. மறுபடியும் பதினொன்று.

அன்று சாயங்காலம் என் கணவர் வாசலில் வண்டியை நிறுத்தி, எதிர்மனைச் சுவர் மேல் விளக்கைப் போட்டுக் காட்டினார். சுவர் வெள்ளையாக எரிந்தது. மாமியாருக்குக் கேட்காமல், "உன் கை ராசிக் கை" என்றார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன். அந்த வார்த்தைக்குப் பிறகு சொல்ல வரவில்லை. ஒரு நாள் சொல்லாமல் விட்டதால் மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமானது. பிறகு பயம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. வளையல் உடைந்ததே, குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். துண்டு எங்கே கிடக்கிறது என்பதை நான் நினைக்கவே இல்லை. வண்டிக்குள் விழுந்த கண்ணாடி வண்டியை என்ன செய்யும் என்று பாய் வாய்விட்டுச் சொல்லியிருந்தும், சகுனத்துக்குப் பயந்தேனே தவிர கண்ணாடிக்குப் பயப்படவில்லை.

மூன்று வாரம் இருக்கும். விளக்கு வைக்கிற நேரம். யாரோ ஒருவருடைய மோட்டார் காரில் என் கணவரின் சிநேகிதரான ஓவர்சியர் வந்து இறங்கினார். அடையாற்றுப் பாலம் தாண்டி, மரங்கள் கூரை போல மூடிய சாலையில் வரும்போது வண்டி விளக்கு பட்டென்று அணைந்துவிட்டதாம். ஓரத்துப் பள்ளத்தில் இறங்கி, மைல்கல்லில் மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் என் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள் அந்தச் சிநேகிதரே சேதி கொண்டுவந்தார். வண்டியை மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனிக்கு இழுத்துப்போய் டாங்கியைத் தூக்கிப் பார்த்தார்களாம்.

"ஒயர் அறுபட்டு, இரும்புல பட்டு, கருகிப் போய்க் கிடக்குதாம்ப்பா. பக்கத்துலயே நிறம் தெரியாம கரி புடிச்ச ஒரு கண்ணாடித் துண்டு. எந்த விளக்குக் கண்ணாடியையோ ஒடைச்சு உள்ளயே போட்டு மூடியிருக்கான் உங்க பாய். வண்டி அதிர அதிர அது ரம்பம் மாதிரி அறுத்திருக்குது. பெட்ரோலுக்குக் கீழ! நீ எரியாம வந்ததே பெரிசு."

என் கணவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, "நம்பிக் குடுத்தேனே" என்றார்.

"நாங்க எல்லாரும் பேசிட்டோம். இனிமே அவன்கிட்ட ஒருத்தனும் வண்டி விடறதா இல்ல."

நான் கஞ்சிச் செம்போடு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அது விளக்குக் கண்ணாடி இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். என் கணவர் அந்த நேரம் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் செம்பைக் கீழே வைத்துவிட்டு மூடியைத் தேடினேன்.

என் கணவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரம் பாய் வந்தார். கையில் ஒரு பையில் சாத்துக்குடி. மாமியார் வாசற்படியிலேயே அவரை நிறுத்திவிட்டார். நான் கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என் பிள்ளை கால ஒடிச்சிட்டு எந்த மூஞ்சிய எடுத்துக்கினு வந்தே?"

"சாரைப் பாக்கணும்மா. ஒரே ஒரு வார்த்தை."

"வார்த்தையா? கண்ணாடிய உள்ள போட்டு மூடினியே, அப்ப உன் கண்ணு எங்க போச்சு?"

"நான் எந்தக் கண்ணாடியும் போடலம்மா. அல்லாமேல ஆணையா பாத்துதான் வேலைய முடிச்சேன்."

"பாத்தியா? நீ பாத்ததை யாரு பாத்தா? கூட யார்னா இருந்தாங்களா, சொல்லேன்!"

கதவிடுக்கு வழியாகப் பாயின் முகம் எனக்குத் தெரிந்தது. அவர் கண் ஒரு தடவை உள்பக்கம் வந்து போனது. வளைகாப்பு வளையலோடு நான் வண்டிக்குள் கையை விட்டது என் மாமியாருக்குத் தெரியாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. தன் தொழிலையே காப்பாற்றக்கூடிய ஒரு வார்த்தை அவர் வாயில் இருந்தது.

"யாரும் இல்லம்மா" என்றார். பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாமியார் அதைத் தெருவில் போகிற ஜட்காக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் கணவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவரும் கூப்பிடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். என் கையிலிருந்த வளையல்களை மாமியார் எண்ணிக் கழற்றி மருத்துவச்சிக்குக் கொடுத்தார். "ஒண்ணுகூடப் பழுதில்லாம வெச்சிருந்தா பாரு, அதான் பிள்ளை இப்படிப் பூவாட்டம் வந்திருக்குது" என்று எல்லாரிடமும் சொன்னார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

குழந்தைக்கு மூன்று மாதமானபோது என் கணவரிடம் சொன்னேன். அவர் அப்போது கைத்தடியோடு நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டியிலிருந்து வளையலை எடுத்தது வரைக்கும். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். "ஆஸ்பத்திரியிலயே. உன்னைக் கேக்கப் பயமா இருந்துச்சு."

"பாய் கிட்ட போய்ச் சொல்லிடலாங்க."

"என்னன்னு? நாலு பேர் கிட்ட நானே அவனைத் திட்டியாச்சு. இப்ப போய், என் பொண்டாட்டி கையை உள்ள விட்டா, அவதான் ஒடைச்சான்னா, கேக்கறவன் சிரிப்பான். அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். ஆனது ஆச்சு, விடு."

நான் விட முடியாமல், ஒரு நாள் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மீர்சாகிப்பேட்டைக்குப் போனேன். தனியாக ஜட்காவில் ஏறியது அதுதான் முதல் தடவை. கொட்டகையில் ஒரு மோட்டார் சைக்கிளும் இல்லை. முன்பு வண்டிகள் நின்றதாகக் கேள்விப்பட்ட இடத்தில், மூன்று பம்ப் ஸ்டவ்கள் வரிசையாக இருந்தன. பாய் ஒன்றின் வாயில் ஊசியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். குழந்தையைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"பொண்ணா? நல்லா கீதா?"

"நல்லா இருக்குது பாய். நீங்க அன்னிக்கு உள்ள ஏதாவது விழுந்துச்சான்னு கேட்டீங்க. நான் இல்லைன்னு சொன்னேன். விழுந்துச்சு. என் வளையல்தான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன வாக்கியங்கள். சொன்னதும் அழுகை வந்தது.

பாய் ஊசியைக் கீழே வைத்தார். இளகியிருந்த முகம் மறுபடி இறுகிவிட்டது.

"இத சொல்லவா இவ்ளோ தூரம் வந்தே?"

"ஆமாம் பாய்."

"எனக்கு எதுக்குச் சொல்றே? நான் போடலன்னு எனக்குத் தெரியாதா? கண்ணாடின்னு கேட்ட அன்னிக்கே தெரியும் எனக்கு, எந்தக் கண்ணாடின்னு." குரலைத் தாழ்த்தினார். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று, அப்போதும் எனக்காகத்தான். "அந்த அஞ்சு பேருக்குத்தான் தெரியாது. அவங்க கிட்ட சொல்லு. அஞ்சு பேர் கிட்ட வேணாம், ஒருத்தர் கிட்ட சொல்லு போதும். மத்தவனுக்கு அவன் சொல்லுவான்."

"சொல்றேன் பாய்."

"நான் உங்க வூட்டு வாசல்ல நின்னு சொல்லியிருக்கலாம். பிள்ளைத்தாய்ச்சின்னு உட்டேன். இப்பதான் பொறந்துடுச்சே."

"கண்டிப்பாச் சொல்றேன்."

"போ. வெயில் ஏறுது, கொழந்தை தலைய மூடு."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு ஆளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவே அவர் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிநேகிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தன் வண்டியை இப்போது கம்பெனியில் விடுவதாகவும், சர்வீஸ் சுத்தம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காப்பி கொண்டுபோனேன். டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வாயைத் திறந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அவர் என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். தடி அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தது. மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"சர்க்கரை போதுமான்னு..." என்றேன்.

"போதும் போதும்."

நான் உள்ளே போய்விட்டேன். அடுத்த ஞாயிறு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் அவர் வந்தார். அதற்கடுத்ததும். என் சுபாவம் அப்படி, கூச்சம் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வண்டிக்குள் கை விட வேண்டும் என்றபோது அந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது? அன்று பேச எனக்கு நன்றாகத்தான் வந்தது.

அடுத்த வருஷம் மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மரத்தடியில் கொட்டகை இல்லை. வாடகை சைக்கிள் கடை ஒன்று இருந்தது. பாய் ஏதோ பஸ் கம்பெனியில் சேர்ந்து வேலூர்ப் பக்கம் போய்விட்டதாக அந்தக் கடைக்காரர் சொன்னார். பக்கத்தில் வெற்றிலை விற்ற அம்மாள், வேலூர் இல்லை, கப்பலேறிவிட்டார் என்றாள். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பெயர் தெரிந்திருந்தால் விசாரிக்கலாம். பாய் என்று கேட்டால் யாரைக் காட்டுவார்கள்?

முப்பதுகளின் கடைசியில் என் மாமியார் காலமானார். அதற்கு மறுவருஷம் அந்தச் சிநேகிதர் அடையாற்றில் சொந்த வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். எங்கள் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். என் கணவர் ஆபீஸ் நாற்காலி வேலைக்கு மாறி, தடி இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து நடந்தார். நான் பயப்பட வேண்டியவர் அப்போது ஒருவரும் மிச்சமில்லை. சாப்பாடு முடிந்து, அந்தச் சிநேகிதர் தோட்டத்துப் பக்கம் தனியாக நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எங்க வண்டிக்குள்ள கிடந்த கண்ணாடி பாய் போட்டதில்ல. என் வளையல். நான்தான் உள்ள கை விட்டேன். அவர் கேட்டார், நான் மறைச்சிட்டேன்."

அவர் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார்.

"எந்த பாய்மா?"

"உங்க வண்டியெல்லாம் ரிப்பேர் பண்ணுவாரே. மீர்சாகிப்பேட்டையில, மரத்தடியில கொட்டகை. இவருக்குக் கால் ஒடிஞ்சுதே, அப்ப நீங்க எல்லாரும் அவர்கிட்ட வண்டி விடறதை நிறுத்தினீங்க."

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, என் மேல் இரக்கப்பட்டு, எனக்காக நினைவுபடுத்திப் பார்த்தார்.

"ஒருத்தன் இருந்தான் போல. குண்டா, தாடி வெச்சுக்கினு?"

"ஒல்லி. தாடி கிடையாது."

"அப்படியா? எத்தனை பேரைப் பார்த்தாச்சு." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "அதையெல்லாமா இன்னும் மனசுல வெச்சிருக்கே? விடும்மா. மத்த நாலு பேரும் இப்ப எங்க இருக்கானுங்கன்னே தெரியல. ஒருத்தன் மதுரை, ஒருத்தன் போயே போயிட்டான். பாயசம் சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொன்னேன். அவர் அடுத்த விருந்தாளியைப் பார்த்துக் கை உயர்த்திக்கொண்டு போனார். உள்ளேயிருந்து என் பெண் என்னைத் தேடி ஓடிவந்து, எல்லாருக்கும் இலை எடுத்தாகிவிட்டது, அப்பா கிளம்பலாம் என்கிறார் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.